கட்சிக்காரரின் ரகசியமும் பிறனின் உயிரும்: யூத அறம் வக்கீலிடம் கேட்பது என்ன?

சட்டம் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "யூத மதமே சட்டத்தின் மேல் நிற்கிறது என்கிறார்கள். அமெரிக்காவில் பேர்பெற்ற யூத வக்கீல்கள் ஏராளம். அப்படியானால் யூத அறநெறியும் இன்றைய வக்கீல் தொழில் ஒழுக்க விதிகளும் ஒத்துப்போகுமா? மதப்பற்றுள்ள யூதர் ஒருவர், குற்றம் செய்தவர் என்று தெரிந்தே ஒருவருக்காக வாதாடலாமா?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் எளிது. வாதாடலாம், ஏன் என்று கீழே சொல்கிறேன். முதல் கேள்விதான் கஷ்டம். நான் யூதன் அல்ல, ஹீப்ரு தெரியாது, மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் சிவில் வழக்குகள் நடத்தியவன் என்ற முறையில் இந்த நூல்கள் என்னை விடவே இல்லை. இரண்டு ஒழுங்குகளும் பெரும்பாலான இடங்களில் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன, ஒரே ஓர் இடத்தில் நேருக்கு நேர் மோதுகின்றன. வக்கீல் என்ற பொறுப்பை ஏற்றுக்கொண்டதும் ஒரு மனிதர் மற்றவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையிலிருந்து கொஞ்சமாவது விடுபடுகிறாரா என்பதுதான் அந்த இடம். நவீன விதிகள் ஆமாம் என்கின்றன. யூத மரபு இல்லவே இல்லை என்கிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஓரமாக வைத்துவிடலாம். யூத மரபு சட்டத்தைக் கொண்டாடுகிறது, உண்மை; ஆனால் வக்கீலைக் கொண்டாடவில்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூத வாய்மொழிச் சட்ட நூலான மிஷ்னாவில், முன்னோர் வாக்குகளைச் சொல்லும் பகுதியில், யூதா பென் தப்பாய் என்ற பழைய ஆசான் சொல்லும் முதல் அறிவுரையே "நீதிபதிகளுக்கு முன்னால் வழக்கை அடுக்கிக் கொடுப்பவர்களைப் போல உன்னை ஆக்கிக்கொள்ளாதே" என்பதுதான். யார் இந்த அடுக்கிக் கொடுப்பவர்கள்? 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் விளக்குகிறார்: நீதிபதி இப்படிக் கேட்டால் இப்படிச் சொல், எதிராளி அப்படிச் சொன்னால் இப்படி மடக்கு என்று கேள்வியையும் பதிலையும் முன்கூட்டியே தயார்செய்து கொடுக்கிறவர்கள். இன்றைக்கு எந்த வக்கீல் அலுவலகத்திலும் தினமும் நடக்கிற வேலை அதுதான். அவர் அதோடு நிற்கவும் இல்லை. நியாயம் இவன் பக்கம்தான், எதிராளிதான் பொய் சொல்கிறான் என்று தெரிந்திருந்தாலும், இவனைக் காப்பாற்றும் வாதத்தைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்கிறார்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று புரிய வேண்டுமானால் அந்த நீதிமன்றத்தை மனதில் கொண்டுவர வேண்டும். யூத நீதிமன்றத்தில், அதாவது பெத் தீனில், பண வழக்கென்றால் மூன்று நீதிபதிகள். வாதியும் பிரதிவாதியும் நேரே நின்று தங்கள் வாயாலேயே பேச வேண்டும். கேள்வி கேட்பது நீதிபதி, சாட்சியைக் குடைவதும் நீதிபதி. உண்மையைக் கண்டுபிடிப்பது அவர் வேலை என்பதால் நடுவில் மூன்றாவது ஆள் வந்து நின்றால் அவர் ஒரு திரை, அவ்வளவுதான். இரண்டு வக்கீல்கள் மோதிக்கொள்ளும்போது அந்த உரசலில் உண்மை வெளிவரும் என்ற ஆங்கிலேய நம்பிக்கை, நம் நீதிமன்றங்களும் அமெரிக்க நீதிமன்றங்களும் நிற்கிற அந்த நம்பிக்கை, அங்கே இல்லை.

பைபிளின் யாத்திராகமம் 23:7 "பொய்யான காரியத்திலிருந்து தூர விலகு" என்கிறது. பொய் சொல்லாதே என்றில்லை, தூர விலகு. இந்த "தூர" என்ற சொல்லை வைத்துக்கொண்டு தல்மூத், அதாவது மிஷ்னாவையும் அதன்மேல் எழுந்த விவாதங்களையும் கொண்ட பெருநூல், ஷெவுவோத் பகுதியின் 31ஆம் ஏட்டில், வரிசையாகக் கேள்விகள் எழுப்புகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது ஆசானும் மாணவனும் வரும் இடம். ஆசான் மாணவனிடம் சொல்கிறார்: "நூறு மனே கொடுத்தாலும் நான் பொய் சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும். ஒருத்தன் எனக்கு ஒரு மனே தர வேண்டும், என்னிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருக்கிறான்." மனே என்பது நூறு வெள்ளிக்காசு. மாணவன் இரண்டாவது சாட்சியாகப் போய்ப் பொய் சொல்லக் கூடாது என்பது யாருக்கும் தெரியும். தல்மூத் அடுத்த படிக்குப் போகிறது. "சரி, நீ ஒன்றும் பேச வேண்டாம், சும்மா வந்து அந்தச் சாட்சி பக்கத்தில் நில், இரண்டு சாட்சி இருக்கிறது என்று நினைத்து அவன் பயந்து ஒத்துக்கொள்வான்" என்று ஆசான் சொன்னால்? ஒரு பொய்யும் இல்லை, கடன் உண்மையானது, ஆசான் நேர்மையானவர். இருந்தும் நிற்கக் கூடாது. அதே ஏட்டில் இன்னொன்று: நூறு வர வேண்டிய இடத்தில் இருநூறு கேட்டுப் பிராது போடாதே, எதிராளி நூறையாவது ஒத்துக்கொள்வான், அதை வைத்து அவனைச் சத்தியம் செய்ய வைக்கலாம் என்று கணக்குப் போடாதே.

இதை அமெரிக்க மாநிலங்கள் தங்கள் விதிகளை எழுத முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளும் அமெரிக்க வக்கீல் சங்கத்தின் மாதிரி விதிகளோடு வைத்துப் பார்த்தால் இடைவெளி கண்ணில் படும். விதி 4.1 வக்கீல் மூன்றாம் நபரிடம் முக்கியமான விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது என்கிறது. ஆனால் அதன் விளக்கவுரை, பேரம் பேசும்போது விலை மதிப்பைப் பற்றியோ எவ்வளவு கிடைத்தால் சமாதானமாகப் போவோம் என்பது பற்றியோ சொல்வதெல்லாம் வழக்கமாக இந்தக் கணக்கில் வராது என்கிறது. தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், பேரத்தில் பாதி அந்த இடத்தில்தான் நடக்கிறது. தல்மூத் அந்த மாணவனைச் சும்மா நிற்கக்கூட விடவில்லை.

இதே ஏட்டில் இன்னொரு சிறு காட்சியும் உண்டு. ஒருவன் கந்தலோடு வந்திருக்கிறான், எதிராளி நூறு மனே விலையுள்ள அங்கி போட்டிருக்கிறான். நீதிபதி பணக்காரனிடம் சொல்ல வேண்டியது: "ஒன்று அவனைப்போல நீ உடுத்து, இல்லை உன்னைப்போல அவனுக்கு உடுத்து." அங்கிக்குப் பதில் வக்கீல் கட்டணத்தை வைத்து யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் பத்து பேர் கொண்ட வக்கீல் அணி, இன்னொரு பக்கம் ஃபீஸ் கொடுக்க வழியில்லாத ஆள். இலவசச் சட்ட உதவிக்கு நான் கேட்டதிலேயே வலுவான வாதம் இதுதான்.

நடைமுறையில் இந்தக் கண்டிப்பை அவர்களால் காப்பாற்ற முடிந்ததா? 3ஆம் நூற்றாண்டில் இஸ்ரேல் நாட்டில் பெரிய ஆசானாக இருந்த ரப்பி யோகனானின் கதை தல்மூத்தின் கெத்துபோத் பகுதியில் இருக்கிறது. அவர் உறவினர்கள் வீட்டில் தகப்பனின் விதவை மனைவிக்கு ஓயாமல் வைத்தியச் செலவு. சட்டப்படி, எல்லை தெரியாமல் தொடரும் வைத்தியம் பராமரிப்புச் செலவாகக் கணக்காகி வாரிசுகள் தலையில் விழும். மொத்தமாக இவ்வளவு என்று பேசி முடித்த வைத்தியம் என்றால் அந்த அம்மாவுக்கு வர வேண்டிய திருமணப் பத்திரத் தொகையில் கழிந்துவிடும். உறவுக்காரர்கள் யோசனை கேட்க வந்தார்கள். "போய் வைத்தியரிடம் மொத்தமாக ஒரு தொகை பேசி முடித்துவிடுங்கள்" என்றார் அவர். சட்டத்துக்கு உட்பட்ட, கச்சிதமான யோசனை. சொல்லிவிட்டு அவரே வருந்தினார்: "நம்மை நாமே வழக்கை அடுக்கிக் கொடுப்பவர்களாக ஆக்கிக்கொண்டோமே." முதலில் என்ன நினைத்தார், பிறகு ஏன் மனம் மாறினார் என்று தல்மூத் கேட்கிறது. முதலில், சொந்த ரத்தத்துக்கு உதவாமல் முகத்தை மறைக்காதே என்ற ஏசாயாவின் வசனத்தை நினைத்தார். பிறகு, ஊர் மதிக்கும் ஆள் விஷயத்தில் அது வேறு என்று உணர்ந்தார். பின்னால் வந்த அறிஞர்கள் இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் உறவுக்காரருக்கு, எளியவருக்கு, தன்னால் பேச முடியாதவருக்கு யோசனை சொல்வதில் எவ்வளவு தூரம் போகலாம் என்று நூற்றாண்டுகளாக அலசினார்கள். இன்று இஸ்ரேலில் திருமணமும் மணவிலக்கும் 1953ஆம் வருஷச் சட்டப்படி யூதர்களுக்கு ரப்பி நீதிமன்றங்களின் கையில் இருக்கின்றன, அங்கே வாதாடுவதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், 1990களிலிருந்து பெண்களும் வாதாடுகிறார்கள். அடுக்கிக் கொடுப்பவர் கடைசியில் உள்ளே வந்துவிட்டார். ஆனால் அந்தப் பழைய சந்தேகமும் கூடவே வந்திருக்கிறது.

சரி, குற்றம் செய்தவருக்காக வாதாடுவது பற்றி. இங்கே யூத சட்டம் ஆச்சரியமான பக்கத்தைக் காட்டுகிறது. மரண தண்டனை வழக்கு என்றால் 23 நீதிபதிகள். பேச்சை விடுதலைக்கான காரணத்தில்தான் தொடங்க வேண்டும். ஒரு ஓட்டு கூடுதலாக இருந்தால் விடுதலை, தண்டிக்க இரண்டு ஓட்டு கூடுதலாக வேண்டும். விடுதலையை அன்றைக்கே அறிவிக்கலாம், தண்டனைக்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். 23 பேரும் ஒருமனதாகக் குற்றவாளி என்றால் அவனை விட்டுவிட வேண்டும் என்றுகூட ஒரு விதி இருக்கிறது. அவனுக்காக யோசிக்க ஒருவர்கூட அந்த அவையில் இல்லை என்றால் அந்தத் தீர்ப்பை நம்ப முடியாது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். தண்டனைக்குக் கூட்டிக்கொண்டு போகும்போதும் ஒருவர் முன்னால் போய், இவனுக்குச் சாதகமாக ஏதாவது தெரிந்தவர் வந்து சொல்லுங்கள் என்று கூவ வேண்டும். நீதிமன்ற வாசலில் ஒருவன் துணியைக் கையில் பிடித்து நிற்பான், தூரத்தில் குதிரைக்காரன். புதிதாக ஒரு வாதம் கிடைத்தால் துணியை ஆட்டுவான், குதிரை ஓடிப்போய்த் தண்டனையை நிறுத்தும். இதையெல்லாம் படித்தபிறகு, யூத சட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனி ஆளாக இல்லை, அவ்வளவுதான். நீதிபதியே, மாணவனே, தெருவில் போகிறவனே அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

ஒப்புதல் வாக்குமூலம் பற்றியும் சொல்லியாக வேண்டும். யாரும் தன் வாயாலேயே தன்னைக் குற்றவாளியாக்க முடியாது என்பது தல்மூத் விதி. மைமோனிடிஸ் அதற்கு ஒரு காரணம் யோசிக்கிறார்: வாழ்க்கை கசந்து சாவைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், தங்கள் வயிற்றிலேயே வாளைச் செருகிக்கொள்கிறவர்கள்; அப்படி ஒருவன் செய்யாத குற்றத்தைச் செய்ததாகச் சொல்லலாம். போலீஸ் விசாரணையில் வாயைத் திறக்காமல் இருக்கும் உரிமையை நிலைநாட்டிய 1966ஆம் வருஷ மிராண்டா தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓர் அடிக்குறிப்பில் மைமோனிடிஸின் இந்த விதியை எடுத்துக் காட்டியிருக்கிறது. ஒன்று கவனியுங்கள்: அமெரிக்காவில் அது ஒருவருக்கு இருக்கும் உரிமை, வேண்டாமென்றால் விட்டுக்கொடுக்கலாம். யூத சட்டத்தில் அது நீதிமன்றத்தின் மேல் விழும் தடை. அவனே கெஞ்சினாலும் ஏற்கக் கூடாது.

ஆக, குற்றம் செய்தவருக்காக நிற்பதில் தவறில்லை. அரசு தன் வழக்கைச் சாட்சியோடு நிரூபிக்கட்டும் என்று கேட்பது பொய் அல்ல. பொய் எங்கே தொடங்குகிறது என்பதுதான் கேள்வி. அதே 1966இல் மன்றோ ஃப்ரீட்மன் என்ற சட்டப் பேராசிரியர் மூன்று கேள்விகளை எழுப்பினார்: உண்மை பேசும் சாட்சி என்று தெரிந்தே அவரைக் குறுக்கு விசாரணையில் பொய்யர் போலக் காட்டலாமா, பொய் சொல்லப் போகிறார் என்று தெரிந்தே கட்சிக்காரரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாமா, பொய் சொல்லத் தூண்டக்கூடிய சட்ட ஆலோசனையைத் தரலாமா. மூன்றுக்கும் அவர் சொன்ன பதில் ஆமாம் என்ற பக்கம். கட்சிக்காரர் நம்பி உண்மையைச் சொல்ல வேண்டும், அதை வக்கீல் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு உறுதி. வாரன் பர்கர் உட்பட சில நீதிபதிகள் அவருடைய வக்கீல் உரிமத்தைப் பறிக்கவே முயன்றார்கள், அது நடக்கவில்லை. இருபது வருஷம் கழித்து, 1986இல், பர்கர் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக எழுதிய ஒரு தீர்ப்பு, பொய்ச் சாட்சி சொன்னால் நீதிமன்றத்திடம் சொல்லிவிடுவேன் என்று கட்சிக்காரரை எச்சரித்த வக்கீல் தவறு செய்யவில்லை என்றது. இந்தச் சண்டையில் யூத மூலநூல்கள் பர்கர் பக்கம் என்றுதான் நான் படிக்கிறேன். ஃப்ரீட்மனின் அக்கறையை நான் மதிக்கிறேன், ஆனால் "சாட்சிகளை நன்றாகக் குடைந்து கேள், உன் வார்த்தைகளில் கவனமாக இரு, அவற்றிலிருந்தே அவர்கள் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளப் போகிறார்கள்" என்று ஷிமோன் பென் ஷெதாக் நீதிபதிக்கே சொல்லியிருக்கும்போது, வக்கீலுக்கு அதைவிடச் சலுகை கிடைக்கும் என்று எப்படி நம்புவது?

இனி அந்த மோதல். 1820இல் லண்டனில் ராணி கேரலைனுக்காக வாதாடிய ப்ரூம், வக்கீலுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும், அது அவர் கட்சிக்காரர், அவரைக் காப்பாற்றுவதில் மற்றவர்களுக்கு என்ன சேதம் வந்தாலும் பார்க்கக் கூடாது என்று பிரபுக்கள் சபையில் முழங்கினார். ஆங்கில மரபு வக்கீல்கள் இன்றும் பெருமையோடு எடுத்துச் சொல்லும் பேச்சு அது. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். பதினாறாவது வசனம், பிறன் ரத்தம் சிந்தும்போது சும்மா நிற்காதே என்கிறது. ஆற்றில் முழுகுகிறவனைப் பார்த்தால் குதி, உன்னால் முடியாவிட்டால் கூலிக்கு ஆள் வைத்தாவது காப்பாற்று என்று தல்மூத் அதை விரிக்கிறது. ஒருவனுக்கு எதிராகச் சிலர் தீங்கு திட்டமிடுவதைக் கேட்டும் அவனுக்குச் சொல்லாமல் இருந்தாலும் இந்த வசனத்தை மீறியதாகும் என்று மைமோனிடிஸ் சேர்க்கிறார். வக்கீல் தவிர என்று எங்கும் எழுதவில்லை.

மினசோட்டாவில் 1956இல் ஒரு கார் விபத்து. டேவிட் ஸ்பால்டிங் என்ற இளைஞருக்குப் பலத்த காயம், அவர் சார்பில் நஷ்டஈடு வழக்குப் போட்டார்கள். பிரதிவாதி தரப்பு தங்கள் செலவில் ஒரு டாக்டரை வைத்து அவரைப் பரிசோதித்தது. அந்த டாக்டர் வேறு யாரும் பார்க்காததைப் பார்த்தார்: பெருந்தமனியில் ஒரு வீக்கம், விபத்தால் வந்திருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் வெடித்து உயிர் போகலாம். அறிக்கை பிரதிவாதி வக்கீல்கள் கைக்குப் போனது. அவர்கள் வாயைத் திறக்கவில்லை. 6,500 டாலருக்கு சமரசம் முடிந்தது. தன் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அந்தப் பையன் நடமாடினார். 1959இல் ராணுவ ரிசர்வ் பரிசோதனையில் தற்செயலாக அது தெரியவந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. 1962இல் மினசோட்டா உச்ச நீதிமன்றம் அந்தச் சமரசத்தை ரத்து செய்ததை உறுதிப்படுத்தியது. ஆனால் அவர் அப்போது மைனர், சமரசத்துக்கு நீதிமன்றத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது, அந்த இடத்தில் மறைத்துவிட்டார்கள் என்பதுதான் காரணம். பேரம் நடந்த நேரத்தில் எதிராளியிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று அந்த வக்கீல்களைக் கட்டாயப்படுத்திய விதி எதுவும் இல்லை என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த வழக்கை முதல்முறை படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வக்கீல்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. நானும் அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேனோ என்று பயந்தேன். யூத சட்டத்தில் இது விவாதமே இல்லை. அந்தப் பையனிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும், வழக்கு எக்கேடு கெட்டாலும் சரி.

நவீன விதியும் மெதுவாக அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. 1983இல் வந்த மாதிரி விதி 1.6, கட்சிக்காரர் செய்யப்போகும் குற்றத்தால் உடனடி மரணமோ கடுமையான காயமோ வரும் என்றால் மட்டும் ரகசியத்தை உடைக்கலாம் என்றது. ஸ்பால்டிங் வழக்கில் யாரும் குற்றம் செய்யப் போகவில்லை, ஆகவே அது உதவியிருக்காது. 2002இல்தான் அந்த நிபந்தனையை எடுத்தார்கள். நிச்சயமாக வரக்கூடிய மரணத்தைத் தடுக்க என்றால் சொல்லலாம் என்றானது. என்ரான் நிறுவனத்தின் கணக்கு மோசடி போன்றவற்றுக்குப் பிறகு, 2003இல், கட்சிக்காரர் வக்கீலின் சேவையை வைத்தே செய்யும் பெரிய பண மோசடிக்கும் வழி திறந்தார்கள். ஆனால் எல்லாம் "சொல்லலாம்" தான். நியூ ஜெர்சி, இல்லினாய் போன்ற சில மாநிலங்கள் மட்டும் சில சூழ்நிலைகளில் "சொல்ல வேண்டும்" என்று எழுதிக்கொண்டன. லேவியராகமத்தில் லாம் என்ற விகுதிக்கு இடமில்லை.

இதிலிருந்து யூத மரபு ரகசியத்தை மதிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டால் அது பெரிய தப்பு. ஒருவர் நம்மிடம் சொன்னதை, போய்ச் சொல் என்று அவரே சொல்லும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பது தல்மூத். படிப்பு மண்டபத்தில் பேசியதை 22 வருஷம் கழித்து வெளியே சொன்ன ஒருவரை ரவ் அம்மி மண்டபத்தை விட்டே வெளியேற்றினார் என்று ஒரு கதை இருக்கிறது. கி.பி. 1000 வாக்கில் ஜெர்மனியில் ரப்பேனு கெர்ஷோம் பெயரில் வந்த தடை, அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கவே கூடாது என்றது. வித்தியாசம் இதுதான்: அங்கே ரகசியம் எல்லாருக்கும் உள்ள கடமை, வக்கீலுக்கென்று தனிக் கவசம் இல்லை. கவசம் இல்லாததால், உயிர் என்று வந்தால் அது விலகி நிற்கிறது.

கஷ்டமான வழக்கு ஒன்றும் உண்டு, இதில் எனக்கே முழுத் தெளிவு வந்தது என்று சொல்ல மாட்டேன். 1973, நியூயார்க் மாநிலத்தின் வடக்கே லேக் பிளசன்ட். ராபர்ட் காரோ என்பவர் மேல் கொலை வழக்கு. அவருடைய வக்கீல்கள் ஃபிராங்க் அர்மானியிடமும் ஃபிரான்சிஸ் பெல்ஜிடமும், இன்னும் இரண்டு இளம்பெண்களையும் கொன்றதைச் சொல்லி உடல்கள் கிடக்கும் இடத்தையும் சொன்னார். வக்கீல்கள் போய்ப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் அப்பா அர்மானியைத் தேடி வந்து மகளைப் பற்றிக் கேட்டார். அப்போதும் சொல்லவில்லை. கடைசியில் உடல்கள் வேறு ஆட்கள் கண்ணில்தான் பட்டன. 1974இல் விசாரணைக் கூண்டில் காரோவே எல்லாவற்றையும் சொன்னபோது ஊர் கொதித்தது, பெல்ஜ் மேல் வழக்குகூட வந்தது, பிறகு தள்ளுபடியானது. தொழில் விதிப்படி அவர்கள் செய்தது சரி. பெரும்பாலான சட்ட வகுப்புகளில் அவர்களை வீரர்களாகத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

யூத சட்டம் என்ன சொல்லியிருக்கும்? உயிர் ஏற்கெனவே போய்விட்டது, ஆகவே ரத்த வசனம் நேரே பொருந்தாது. ஒருவர் வாயால் வந்ததை வைத்து அவரைத் தண்டிக்கக் கூடாது என்ற விதி வக்கீல்கள் பக்கம் நிற்கிறது. ஆனால் இன்னொன்று குறுக்கே வருகிறது. அடக்கம் செய்ய ஆள் இல்லாமல் கிடக்கும் உடலை அடக்கம் செய்வது யூத மரபில் மிகப் பெரிய கடமை. தலைமைக் குரு தன் சொந்தத் தாய் தகப்பன் உடலைக்கூடத் தொட்டுத் தீட்டாகக் கூடாது. ஆனால் வழியில் அநாதையாக ஒரு உடல் கிடந்தால் அவரே குனிந்து அடக்கம் செய்ய வேண்டும். அப்படியிருக்க, ஒரு மரபுவழி யூத வக்கீலால் அந்தப் படங்களைப் பெட்டியில் பூட்டிவிட்டு அந்த அப்பாவின் முன்னால் உட்கார்ந்திருக்க முடியுமா? பெயர் வெளிவராதபடி, கட்சிக்காரரைச் சிக்கவைக்காதபடி, ஏதாவது ஒரு வழியில் அந்த இடம் தெரியவரச் செய்ய முயன்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அது தொழில் விதியை மீறும் என்பதும் எனக்குத் தெரியும்.

அமெரிக்கச் சட்ட அறிஞர் சான்ஃபோர்ட் லெவின்சன் 1993இல் இதற்கு ஒரு நல்ல உருவகம் சொன்னார்: தொழில் என்பது ஆளை வெளுத்துவிடுகிறது. சலவைக்குப் போட்ட துணி மாதிரி, மதம், ஊர், குடும்பம் எல்லாம் போய் "வக்கீல்" என்ற ஒரே நிறம் மிஞ்சுகிறது. பல தலைமுறை யூத வக்கீல்களுக்கு இந்த வெளுப்பு ஒரு வரமாகவும் இருந்தது, பெரிய அலுவலகங்களின் கதவு யூதர்களுக்கு மூடியிருந்த காலத்தில் "நான் வெறும் வக்கீல்" என்று சொல்ல முடிவது சின்ன விஷயம் அல்ல. அதையும் மறக்கக் கூடாது.

1916இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதியான லூயிஸ் பிராண்டைஸின் நியமனத்தை எதிர்த்தவர்கள், அவர் ஒரு கட்சிக்காரருக்கு மட்டும் விசுவாசமாக இல்லை என்றுதான் பெரிதாகக் குற்றம் சொன்னார்கள். பாஸ்டனில் நொடித்துப்போன ஒரு தோல் வியாபார விவகாரத்தில் நீங்கள் யாருடைய வக்கீல் என்று கேட்டபோது, இந்தச் சூழ்நிலைக்கு வக்கீல் என்று சொன்னாராம். அவர் மத ஆசாரம் கடைப்பிடித்தவர் அல்ல, இதைத் தல்மூத்திலிருந்து எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சமரசம் செய்து வைப்பதே நீதிபதியின் கடமை என்று ரப்பி யெகோஷுவா பென் கோர்கா சொன்னதையும், நியாயம் மலையையே துளைத்துக்கொண்டு போகட்டும், சமரசம் கூடாது என்று இன்னொருவர் எதிர்த்ததையும் படித்தவர்களுக்கு அந்தப் பதில் அந்நியமாகத் தெரியாது.

யூத சட்டத்துக்குள்ளேயே வக்கீல் ஒழுக்கம் தோற்கிற இடம் ஒன்றும் இருக்கிறது. மணவிலக்குப் பத்திரத்தைக் கணவன்தான் கொடுக்க வேண்டும். அவன் கொடுக்காவிட்டால் அந்தப் பெண் மறுமணம் செய்ய முடியாது. சொத்தில் விட்டுக்கொடுத்தால் பத்திரம் தருகிறேன் என்று பேரம் பேசச் சொல்லிக் கொடுக்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள். இஸ்ரேல் 1995இல் அப்படி மறுக்கும் கணவன்மேல் தடைகள் போடச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காகச் செய்யும் கொடுமைக்கு 13ஆம் நூற்றாண்டு அறிஞர் நாக்மனிடிஸ் அதே லேவியராகமம் 19க்கு எழுதிய உரையில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்: தோராவின், அதாவது யூத வேதச் சட்டத்தின், அனுமதியோடு அயோக்கியன்.

அதற்கு நேர்மாறான ஒரு கதையும் தல்மூத்தில் இருக்கிறது. ரப்பா பார் பார் ஹனா என்ற அறிஞரின் சுமைகூலிகள் திராட்சரசப் பீப்பாயை உடைத்துவிட்டார்கள், ஈடாக அவர்கள் மேலாடையைப் பிடுங்கிக்கொண்டார். வழக்கு ரவ் என்ற ஆசானிடம் போனது. ஆடையைத் திருப்பிக் கொடு என்றார். "இதுதான் சட்டமா?" "ஆமாம், நல்லோர் வழியில் நட என்று எழுதியிருக்கிறதே." கூலிகள் சொன்னார்கள்: நாள் முழுக்க உழைத்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றுமில்லை. கூலியையும் கொடு என்றார். "இதுவும் சட்டமா?" "ஆமாம்."

என் கதை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு ப்ரோநோட்டு வழக்கில் நான் பிரதிவாதி பக்கம். மூன்று வருஷக் கெடு தாண்டியிருந்தது. என் கட்சிக்காரர் என் அறையில் உட்கார்ந்து, "வாங்கினது வாங்கினதுதான் சார், அப்போது கஷ்டம், கொடுக்க முடியவில்லை" என்றார். நான் காலாவதி வாதத்தை எடுத்தேன், வழக்கு தள்ளுபடியானது. தொழில் விதிப்படி அதை எடுக்காமல் விட்டால்தான் தப்பு. யூத சட்டத்தின் அடிப்படை வேறு, கடன் பத்திரம் எத்தனை வருஷம் பழசானாலும் கடன் கடன்தான். 1836இல் பால்டிமோரில் டேவிட் ஹாஃப்மன் வக்கீல்களுக்கு எழுதிய தீர்மானங்களில், கடன் இருப்பது கட்சிக்காரருக்குத் தெரிந்திருக்கும்போது வெறும் காலக்கெடுவை வாதமாக எடுக்க மாட்டேன் என்று ஒரு தீர்மானம் இருக்கிறது. பின்னால் வந்த தொழில் விதிகள் அதை விட்டுவிட்டன. ஆனால் அமெரிக்க மாதிரி விதி 2.1, வக்கீல் ஆலோசனை சொல்லும்போது சட்டத்தை மட்டுமல்ல, அறத்தையும் பேசலாம் என்று இடம் தருகிறது. லேவியராகமம் 19:17 பிறனிடம் தவறைக் கண்டால் அவனிடமே எடுத்துச் சொல் என்று கட்டளையிடுகிறது. வாதத்தை எடுத்ததைப் பற்றி நான் இப்போதும் இரண்டு மனதாக இருக்கிறேன். ஜெயித்த பிறகு அவர் ஃபீஸ் கொடுக்க வந்தார், கையில் பணம் இருந்தது, முகத்தில் ஒரு சங்கடமும் இருந்தது. "அவருக்குக் கொடுத்துவிடுங்களேன்" என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.